வலது பக்கம் என்னுடையது

எங்கள் காரில் வலது பக்கம் என்னுடையது. இடது பக்கம் என் சகலையுடையது. யாரிடம் இதைச் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நிஜமாவா?" என்பார்கள். நிஜமாகத்தான். பத்துக்குப் பத்து அறையை நடுவில் ஒரு சேலையைக் கட்டி இரண்டு குடும்பங்கள் பங்குபோட்டு வாழ்ந்ததை இந்த ஊரில் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு காரை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பதில் என்ன அதிசயம் என்றுதான் அப்போது நினைத்தேன். இந்தப் பங்கீட்டால் என் மனைவிக்குக் கிடைக்க இருந்த ஒரு வேலை கைநழுவப் பார்த்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. எல்லாமே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

என் மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளை தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் என் சகலைக்குக் கொடுத்தார். இளையவளை, கோட்டைப் பக்கம் ஆபீசில் ஃபைல் தள்ளும் எனக்குக் கொடுத்தார். மருமகன்களில் ஒருவனுக்கு ஒரு கடுகு கூடிவிடக் கூடாது என்பது அவருடைய கொள்கை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேருக்கும் ஒரே துணியில், ஒரே நிறத்தில், ஒரே அளவில் சட்டை எடுப்பார். சகலை ஆறடி. நான் அவருடைய தோளுக்கு வருவேன். அளவு மூத்தவருக்கானது. பாதிரியார் கோவில் வாசலில் என்னைப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பது அதனால்தான். மாமியார் மீன் குழம்பு வைத்தால் இரண்டு தலை இருக்கும். மீன் ஒன்று போதும் என்றாலும் தலை இரண்டு வேண்டுமே.

அப்படிப்பட்டவர் ரிட்டயராகி ஊருக்குப் போகும்போது தன் காரை விற்றுவிட்டுப் போயிருக்கலாம். விற்கவில்லை. குர்லா டெர்மினஸில், ரயில் கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கும்போது, எங்கள் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்து நடுவில் சாவியை வைத்தார். "சரிபாதி" என்றார். ரயில் கிளம்பிவிட்டது. நாங்கள் இருவரும் சாவியைப் பிடித்தபடி பிளாட்பாரத்தில் நின்றோம். பார்த்தவர்கள் ஏதோ கல்யாணச் சடங்கு என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த வாரமே சகலையின் பட்டறையில் டீ குடித்துக்கொண்டு பாகப்பிரிவினை பேசினோம். பெட்ரோல் செலவு ஓட்டுகிறவர் பாடு. வாரநாளில் சகலை, ஞாயிற்றுக்கிழமை நான். இதெல்லாம் சுலபமாக முடிந்தது. தேயும் சாமான்களில்தான் சிக்கல்.

"முன்பக்கம் நீரு எடுத்துக்கிடும், பின்பக்கம் நான் பாத்துக்கிடுதேன்" என்றார் சகலை.

"அதெப்படி அண்ணாச்சி? இன்ஜின் முன்னால, ஸ்டியரிங் முன்னால. முன் டயர்தான் சீக்கிரம் தேயும். எனக்கு நஷ்டமில்லையா?"

சகலை பையின் வாரைத் தடவிக்கொண்டே யோசித்தார். நியாயஸ்தர். "அப்போ ஆளுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. நெடுவாக்குல பிரிப்போம். இடது பக்கம் எனக்கு. இந்த ஊர்ல பள்ளம், சாக்கடை மூடி எல்லாம் ஓரத்துலதான் இருக்கு. மூத்தவன் நான், தாங்கிக்கிடுதேன் வே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு சகலை யாருக்குக் கிடைக்கும்?

அதன்படி வலது பக்க ஹெட்லைட், கண்ணாடி, வைப்பர் ரப்பர், இரண்டு டயர் என் பொறுப்பு. நான் என் பக்கத்து வைப்பரை உடனே மாற்றினேன். அவர் மாற்றவில்லை. ஆகவே மழையில் ஓட்டுகிறவருக்கு உலகம் தெளிவாகவும், பக்கத்தில் உட்காருகிறவருக்கு மங்கலாகவும் தெரியும். என் மனைவி, "பரவாயில்ல, நீங்க ஓட்டுறத பாக்காம இருக்கதுதான் நிம்மதி" என்பாள்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் நான்கு டயரும் தேய்ந்திருப்பதாக பெட்ரோல் பம்ப்பில் காற்றடிப்பவர் சொன்னார். சகலைக்கு போன் செய்தேன். "என் பக்கம் இன்னும் ஓடும்" என்றார். "உம்ம பக்கம் தேஞ்சிருந்தா நீரு மாத்தும்." ஒரே கார், ஒரே ரோடு, இரண்டு பக்கமும் ஒரே தேய்மானம்தான். இருந்தாலும் பங்குக்காரர் சொல்லும்போது மறுத்துப் பேச முடியாது. செம்பூரில் ஒரு டயர் கடைக்குப் போய் இரண்டு புது டயர் கேட்டேன்.

கடைக்காரர் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஆகே கி பீச்சே?" என்று கேட்டார். முன்னாலா, பின்னாலா?

"ரைட் சைடு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "ஆப்கி மர்ஜி" என்றார். உங்க இஷ்டம். இந்த ஊரில் அது மரியாதையின் உச்சம் என்று நான் எடுத்துக்கொண்டேன். வலது பக்கம் முன்னும் பின்னும் கன்னங்கரேலென்று புது டயர். இடது பக்கம் முன்னும் பின்னும் வேறு கம்பெனியின் பழைய டயர், நெற்றி வழுக்கை விழுந்தது. நான் என் பக்கமாகவே நின்று பார்த்தேன். அழகாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவிக்கு லைசென்ஸ் வந்தது. ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவள், கை நடுங்காதவள், டிரைவிங் ஸ்கூல் காரில் ஒரே டெஸ்டில் பாஸ். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் காரில் நான் சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு. முதல் நாளே கார் மெல்ல மெல்ல இடது பக்கம் ஒதுங்கியது.

"இழுக்குதுங்க."

"கார் இழுக்காது. நீதான் இடது கையை அழுத்துற. கையை லூசா விடு."

லூசாக விட்டாள். இன்னும் இடது பக்கம் போனது. "லூசா விடுன்னா இப்படியா விடுறது?" என்றேன். நான் நல்ல ஆசிரியர் இல்லை என்று இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நான் ஓட்டும்போது கார் இழுக்கவே இல்லை. அதுதான் என் பெரிய ஆதாரம். "எனக்கு நேராத்தானே போகுது?" என்பேன். அலைன்மென்ட்டும் பார்த்தேன். கம்ப்யூட்டர் பச்சை விளக்கு காட்டியது. "எக்தம் ஓகே" என்றார் அங்கே இருந்த மெக்கானிக். அப்புறம் யார் கோளாறு?

ஆறு மாதம் ஞாயிறு தோறும் இடது கையைத் திட்டினேன். ஜூன் மாதம் முதல் மழை பெய்தது. செம்பூர் சிக்னலில் ஒரு ஆட்டோ குறுக்கே வர அவள் பிரேக் அடித்தாள். கார் வலது பக்கம் வெட்டி, டிவைடரை முத்தமிடுவதற்கு ஒரு விரல்கடை முன்னால் நின்றது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுசாக நினைவில்லை. "இத்தனை நாள் இடது கை, இப்போ வலது கையா? உன் கைக்கு கார் வராது!" என்பது மட்டும் நினைவிருக்கிறது. அவளுக்கு எல்லாமே நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்து எங்களிடம் இருக்கும் சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். "வெயில்னா இடது, மழைன்னா வலது" என்றாள், சத்தம் போடாமல். "ஒரே ஆளோட ரத்தத்துக்கு மெஷின் காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு காட்டுனா நாங்க ஆளைச் சந்தேகப்பட மாட்டோம். மெஷினைத்தான் திறந்து பாப்போம்."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. பச்சை லைட் எரிஞ்சுது" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அந்தச் சாவியைத் தொடவில்லை. ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போதுகூட சாவியைச் சுற்றித் துடைத்தாள்.

ஜூலையில் அந்த வேலை வந்தது. கோபர்கைரனேயில் லேபுக்கு ரத்தம் எடுக்கும் புது கலெக்ஷன் சென்டர். அவள்தான் பொறுப்பு. காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்க வேண்டும். வாஷி போய், ரயில் மாறி, அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் தினமும் நேரத்துக்குப் போகலாம் என்று உறுதி சொல்ல முடியாது. மழை நாளில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால் போகவே முடியாது. கார் என்றால் வாஷிப் பாலத்தைத் தாண்டினால் ஆயிற்று. வாரநாளில் கார் எங்களுக்கே இருக்கட்டும் என்று சகலையும் பெருந்தன்மையாகச் சொல்லி, அந்த வாரமே காரைக் கொண்டுவந்து விட்டுவிட்டார், மச்சினிக்கு என்றதும். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"வேண்டாம்னு சொல்லிடப் போறேன்" என்றாள், செவ்வாய்க்கிழமை, சப்பாத்தி தேய்த்துக்கொண்டே.

"ஏன்?"

"என் கைக்கு கார் வராதே."

அவள் கிண்டல் செய்திருந்தால் நானும் பதிலுக்கு ஒன்று சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் அதை நம்பித்தான் சொன்னாள். சப்பாத்தி வட்டமாக வந்துகொண்டே இருந்தது. நான் ஜன்னல் வழியாக எதிர் பில்டிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை இடது முன் டயர் பஞ்சர், காற்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அது சகலை பக்கம் என்பதால் அவருக்குப் போன் செய்தேன். "குர்லால நம்ம பாய் கிட்ட வாரும், நானும் வாறேன்" என்றார். பாய் மேலப்பாளையத்துக்காரர். குர்லாவில் டயர் பட்டறை. என்னைவிட இருபது வயது மூத்தவர். காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். இடது பக்கம் குனிந்து பார்த்தார். வலது பக்கம் குனிந்து பார்த்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து சுற்றினார்.

"தம்பி, இது என்ன, பாதி முகம் ஷேவ் பண்ண மாதிரி?"

நான் பாகப்பிரிவினையை விளக்கினேன். சகலை, "சரிபாதி பாய்" என்று சேர்த்துக்கொண்டார். பாய் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வண்டி இழுக்கலையா?" என்று கேட்டார்.

"எனக்கு இழுக்கலை. அவளுக்குத்தான் இழுக்குது."

"எந்தப் பக்கம்?"

"வெயில்ல இடது. மழையில பிரேக் அடிச்சா வலது."

"அதானே!" என்று தொடையில் தட்டினார், கணக்குக்கு விடை வந்தது போல. தேய்ந்த டயர் கொஞ்சம் சின்னது, புது டயர் கொஞ்சம் பெரியது. ஆகவே வண்டி சின்ன பக்கமாகச் சாயும். ஈர ரோட்டில் பிரேக் அடித்தால் பிடிப்பு இருக்கிற பக்கம்தான் நிற்கப் பார்க்கும், வழுக்கை பக்கம் ஓடப் பார்க்கும். ஆகவே வலது பக்கம் வெட்டும். "ஒரு அச்சுல ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கணும் தம்பி. முன்னாடி ரெண்டும் ஒரு சோடி, பின்னாடி ரெண்டும் ஒரு சோடி. இந்த மாதிரி நெட்டுக்குப் பிரிக்கப்படாது."

"அப்போ எனக்கு ஏன் இழுக்கலை?"

"ஸ்டியரிங்கை விட்டுப் பாத்தியளா?"

பாயைப் பக்கத்தில் உட்கார வைத்து, பஞ்சர் ஒட்டின டயரோடு பட்டறைச் சந்துக்குள் ஒரு ஓட்டு ஓட்டினேன். கையை எடுத்தேன். கார் தானாகவே இடது பக்கம் ஒதுங்கி, வடாபாவ் விற்கும் தள்ளுவண்டிக்கு நேராகப் போய் நின்றது. நல்லவேளை, நான் பிரேக் அடித்தேன். வடாபாவ்காரர், "கித்னா?" என்று கேட்டார். எத்தனை வேண்டுமாம்.

ஏழு மாதமாக என் வலது கை, எனக்கே தெரியாமல், ஸ்டியரிங்கை வலது பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் அதைத் திறமை என்று நினைத்திருக்கிறேன்.

பாய் இரண்டு புது டயர் போட வேண்டும் என்றார், வலது பக்கம் இருப்பது மாதிரியே, அதே கம்பெனி, அதே நம்பர். சகலை தலையாட்டினார். அவர் பக்கம்தானே. ஆனால் பாய், "புதுசு ரெண்டும் பின்னாடி. தம்பியோட ரெண்டும் முன்னாடி" என்றதும் சகலை எழுந்துவிட்டார்.

"மூத்த மருமகன் பின்னாடியா?"

"இன்ஜின் முன்னாடி, ஸ்டியரிங் முன்னாடி, பாய்" என்று நானும் சேர்ந்துகொண்டேன். எங்களுக்குள் என்ன தகராறு இருந்தாலும் வெளி ஆள் என்று வந்துவிட்டால் சகலைகள் ஒன்றுதான். "புது டயர் முன்னாடிதானே வேணும்?"

"முன்னாடி வழுக்குனா ஓட்டுறவனுக்கு உடனே தெரியும். காலை எடுப்பான், வண்டி அடங்கும்" என்றார் பாய். "பின்னாடி வழுக்குனா வண்டி ஒரு சுத்து சுத்திரும். அப்போ ஒனக்குப் பின்னாடி வந்த லாரிக்காரனை நீ முன்னாடி பாப்ப. பின்னாடிதான் தம்பி ஆளைக் காப்பாத்தும்."

சகலையின் முகம் மலர்ந்தது. "காப்பாத்துற எடம் என்னுதுன்னா சரி."

"அப்போ என்னோடது எந்த எடம்?" என்றேன். பாய் ஜாக்கியை எடுக்கப் போய்விட்டார். முன்னால் இருப்பது முக்கியமா, பின்னால் இருப்பது முக்கியமா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். ஒருவர் பின்னால் என்கிறார், ஒருவர் முன்னால் என்கிறார், ஒருவர் நான்கையும் மாற்று என்கிறார். அவர் டயர் விற்பவர்.

பாய் வேலையை முடித்தார். திரும்பும்போது சயான்–குர்லா ரோட்டில் கையை எடுத்துப் பார்த்தேன். கார் நேராகப் போனது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அப்போதுதான் எனக்கு உண்மையான குழப்பம் பிடித்தது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது? சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று ஒரு மாதிரி ஒத்திகை பார்த்தேன். "ஏய், ஒரு காமெடி தெரியுமா" என்று ஆரம்பிப்பது. லிஃப்டில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவையும் சிரிப்பு வரவில்லை. வியாழன் இரவு சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையும் சொல்லவில்லை. இத்தனைக்கும் எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும்.

சனிக்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருந்தது. சாவியை ஃப்ரிட்ஜ் மேலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"வா, பாலம் வரைக்கும் போய்ட்டு வரலாம்."

"எதுக்கு?"

"பாய் ஏதோ சரி பண்ணியிருக்காரு. ஒரு தடவை ஓட்டிப் பாரு."

அந்த 'ஏதோ'வை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தேன்! அவள் என்னையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு துப்பட்டாவை முடிந்துகொண்டு கீழே இறங்கினாள். நான் சகலையின் மங்கலான பக்கத்தில் உட்கார்ந்தேன்.

செம்பூரிலிருந்து பெரிய ரோட்டைப் பிடித்தோம். முதல் ஐந்து நிமிஷம் அவள் வலது கையால் ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்தே ஓட்டினாள், பழைய பழக்கம். கார் வலது பக்கம் போனது. கையைத் தளர்த்தினாள். நேரானது. இன்னும் தளர்த்தினாள். நேராகவே போனது. தேவனார் தாண்டியதும் முன்னால் ஒரு டெம்போ சட்டென்று நின்றது. பிரேக் அடித்தாள். நான் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். திறந்தபோது கார் கோடு போட்ட மாதிரி நின்றிருந்தது.

அவள் தொடர்ந்து ஓட்டினாள். மான்குர்த் வந்ததும் இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். எல்லாம் சட்டப்படி.

"என்ன மாத்துனீங்க?"

"டயர். ரெண்டு புதுசு. மத்த ரெண்டு எடம் மாத்தினது."

"அப்போ இத்தனை நாள் இழுத்தது?"

"அது, உங்க அத்தான் பக்கம் தேஞ்சு போய், என் பக்கம் புதுசா இருந்து..."

"அத்தானை விடுங்க. என் கையா, டயரா?"

வைப்பர் அவள் பக்கம் சுத்தமாகவும் நான் உட்கார்ந்த பக்கம் அழுக்காகவும் துடைத்துக்கொண்டிருந்தது. ஒரு ஜோக் வந்தது, தொண்டை வரை வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"சிரிக்காம சொல்லுங்க."

"டயர்" என்றேன். "உன் கையில ஒரு தப்பும் இல்ல. நீ சொன்னது சரி. மெஷினைத்தான் திறந்து பாத்திருக்கணும்."

"எப்போ தெரியும்?"

"வியாழக்கிழமை."

அவள் முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரிகள் தண்ணீரை வாரி எங்கள் மேல் அடித்துக்கொண்டு பாலத்தை நோக்கிப் போயின. அழப்போகிறாளோ என்று பயந்தேன். சிரிக்கப்போகிறாளோ என்றும் ஒரு நப்பாசை. இரண்டும் இல்லை.

"இறங்குங்க" என்றாள்.

"இங்கயா? மழை பெய்யுது."

"ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்கு. நீங்க உக்காந்திருந்தா என் கை உங்களைத்தான் பாக்கும். நான் தனியாப் போகணும்."

"பாலத்துல காத்து ஜாஸ்தி இருக்கும்..."

"இறங்குங்க."

இறங்கினேன். கதவைச் சாத்தியதும் ஜன்னல் கண்ணாடியை ஒரு சாண் இறக்கி, குடையை வெளியே நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அவள் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள், திரும்பிப் பார்த்தாள், ஒரு பஸ்ஸைப் போகவிட்டாள், பிறகு ரோட்டில் கலந்தாள். ஒருமுறை பிரேக் விளக்கு சிவந்தது. குடையை விரிக்காமலே பார்த்துக்கொண்டு நின்றேன். கார் நேராக நின்று, நேராகக் கிளம்பிப் போய்விட்டது.

மழையால் ரயில் அரை மணி நேரமாகக் கோவண்டியிலேயே நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது.

"வந்துட்டேன். சென்டர் வாசல்லதான் நிறுத்தியிருக்கேன். லேப் மேடம் கிட்ட வேலைக்குச் சரின்னு சொல்லிட்டேன்."

"கோபம் போச்சா?"

"இல்ல. அது தனியா இருக்கு, வந்து பேசிக்கலாம்." பின்னால் மழை சத்தம் கேட்டது. "மத்தியானச் சாப்பாடு நீங்க பாத்துக்கோங்க. நான் இன்னும் தள்ளி பேலாபூர் வரைக்கும் ஓட்டிட்டு வாறேன்."